ஏழாம் பக்கம்

கூத்தாநல்லூருக்குச் ‘சின்ன சிங்கப்பூர்’ என்று பெயர். அந்தப் பெயரை வாங்கித் தந்தது இலக்கியம் அல்ல. சிங்கப்பூர், மலேயா, சைகோன் என்று கடல் தாண்டிப் போன சபராளிகள் அனுப்பிய பணம். அது மாடியும் பளிங்குத் தரையுமாக எழுந்து நின்ற தெருக்களில், லெட்சுமாங்குடி நெல் மண்டிக் கணக்குப்பிள்ளையின் மகன் கதைப் புத்தகமும் கையுமாகத் திரிந்தால் ஊர் என்ன சொல்லும்? “பையன் கெட்டுப்போயிட்டான், சீக்கிரம் பாஸ்போர்ட் எடுத்துடுங்க” என்றது. காய்ச்சலைத் தவிர எல்லாக் கோளாறுக்கும் எங்கள் ஊரில் பாஸ்போர்ட்தான் மருந்து.

எம்.வி. சிதம்பரம் கப்பல் ஓடிக்கொண்டிருந்த காலம் அது. சபராளி ஒருவர் வந்து இறங்கினால் மறுநாள் அவர் வீட்டில் பெட்டி பிரிப்பார்கள். உறவு, அக்கம்பக்கம், கடன் கொடுத்தவர், கடன் கேட்க வந்தவர் எல்லாரும் சுற்றி உட்கார்ந்திருப்பார்கள். நைலக்ஸ் சேலை ஒரு பக்கம் போகும், டேப் ரெக்கார்டர் ஒரு பக்கம் போகும், கோடாலித் தைலம் பாட்டில் பாட்டிலாகக் கைமாறும். எனக்கு வேண்டியதற்கு மட்டும் போட்டியே கிடையாது. கண்ணாடிச் சாமான் உடையாமல் இருக்கச் சுற்றி வைத்த காகிதம். நீவி விரித்தால் தைல வாடையோடு சிங்கப்பூர்ப் பத்திரிகை ‘தமிழ் முரசு’.

அதில் ஒரு சிறுகதை பாதி இருக்கும். கதாநாயகி கதவைத் திறப்பாள். அதற்குக் கீழே, ‘7ஆம் பக்கம் பார்க்க’. ஏழாம் பக்கம் வேறொரு தெருவில், வேறொரு பீங்கான் கோப்பையைச் சுற்றியிருக்கும். கதவுக்கு வெளியே நின்றது யார்? இரண்டு நாள் தூக்கம் வராது. பிறகு நானே ஒருவரை நிறுத்திவைப்பேன். வெண்ணாற்றுப் பாலத்துக் கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்து சேக்காளிகளிடம் கதையைச் சொல்லும்போது, அச்சில் வந்த பாதி எது, என் பாதி எது என்று அவர்களுக்குத் தெரியாது. என் பாதியில் யாராவது ஒருவர் கட்டாயம் கப்பலில் இறந்துபோவார். அது மட்டும் அவர்களுக்கு அலுத்துவிட்டது.

அந்தப் பத்திரிகையை 1935இல் தொடங்கியவர் கோ. சாரங்கபாணி என்பதும், அவர் 1903இல் திருவாரூரில் பிறந்தவர் என்பதும் பின்னாளில்தான் தெரிந்தது. திருவாரூர் எங்களுக்கு டவுன் பஸ் தூரம். அங்கே பிறந்த ஒருவர் கப்பலேறிப் போய் அச்சடித்த தமிழ், மறுபடி கப்பலேறி, கோப்பை உடையாமல் காக்கும் உத்தியோகத்தில் ஊர் திரும்பியிருந்தது. 1950களில் அதே பத்திரிகையில் அவர் ‘மாணவர் மணிமன்றம்’ என்று ஒரு பகுதி தொடங்க, அதில் எழுதிப் பழகிய பிள்ளைகள் பலர் சிங்கப்பூரில் எழுத்தாளர்கள் ஆனார்கள். அவர்களுக்கு மணிமன்றம் வாய்த்தது, எனக்குப் பொட்டலம்.

புத்தகத்துக்கு வழியே இல்லாத சீமை என்று எங்களைச் சொல்லவும் முடியாது. மன்னார்குடி மேலவாசலில் கனகசபைப் பிள்ளை என்ற ஓய்வுபெற்ற பொறியாளர் மாட்டு வண்டியில் நூலகம் கட்டி ஊர் ஊராக அனுப்பினார். 1931 அக்டோபரில் அதைத் தொடங்கி வைத்தவர் சீர்காழிக்காரரான எஸ்.ஆர். ரங்கநாதன். நூலகவியலின் ஐந்து விதிகளைப் பற்றிய அவருடைய புத்தகம் வெளியானதும் அதே ஆண்டுதான். விதியும் வண்டியும் ஒரே வருஷத்தில் வந்துவிட்டன. என் காலத்தில் மாடுகள் இல்லை, கிளை நூலகம் இருந்தது. அதற்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. ஜும்ஆவுக்காக ஊரே கடையடைத்து ஓய்ந்திருக்கும் நாளில் நூலகமும் சேர்ந்து ஓய்ந்திருக்கும். 1948ஆம் ஆண்டுச் சட்டத்தின் புண்ணியத்தில், வீட்டு வரி கட்டுகிறவர் எல்லாரும் நூலக வரியும் கட்டியாக வேண்டும். என் அப்பாவும் கட்டினார். “கதை படிச்சா கண்ணு போயிடும்” என்று சொல்லிக்கொண்டே, நான் படித்த கதைகளுக்கு அரையாண்டு தவறாமல் பணம் கட்டி வந்தவர் அவர்.

என்னை எழுதவைத்தது நூலகம் அல்ல, கடுதாசி. வீட்டுக்காரர் சிங்கப்பூரில் இருக்கும் அக்கா ஒருவர் பக்கத்துத் தெருவில் இருந்தார். குர்ஆனைத் தடையில்லாமல் ஓதுவார், தமிழ் எழுத வராது. நான்தான் எழுத்தன். எங்கள் வீட்டில் தாளின் தலையில் பிள்ளையார் சுழி, அங்கே 786. மாற்றிப் போட்டுவிடாமல் எழுதியதே அந்த வயதில் பெரிய சாதனை. அக்கா சொல்லும் செய்தி எப்போதும் ஒரே கணக்குதான்: எல்லாரும் நல்ல சுகம், மழை பெய்கிறது, அடுக்களை ஒழுகுகிறது, பணம் வேண்டும். சொல்லி முடித்ததும், “நீயே ரெண்டு வார்த்தை நல்லதாப் போட்டு எழுது தம்பி” என்பார்.

ராணி முத்து மாதம் ஒரு நாவல் வீதம் விற்றுக்கொண்டிருந்த நாட்கள் அவை. ரெண்டு வார்த்தைக்கா பஞ்சம்? ஒழுகும் அடுக்களையில் அக்காவை நிறுத்தி, சொட்டும் மழையோடு சேர்த்து அவர் கண்ணீரையும் சொட்டவிட்டேன். பிரிவாற்றாமையில் விளக்கு ஏற்றாமல் இருட்டிலேயே உட்கார்ந்திருப்பதாகவும் எழுதினேன். உண்மையில் அவர் அப்போது டியூப் லைட் வெளிச்சத்தில் தம்ரூட் கிளறிக்கொண்டிருந்தார். பதில் வந்தது. நான்தான் வாசித்துக் காட்டினேன். பணம் வழக்கத்தைவிட அதிகம், ஓடு மாற்றச் சொல்லி உத்தரவு, கடைசியில் ஒரு வரி: ‘கரண்டு பில் கட்டலையா, ஏன் இருட்டில் இருக்கே?’

என் எழுத்துக்குக் கிடைத்த முதல் விமரிசனம் அது. அக்கா சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் எழுதிய கண்ணீர் ஒருவழியாக அப்படித்தான் வந்தது. ஒரு தட்டு தம்ரூட்டும் ஒரு சீனத்துப் பேனாவும் சன்மானம். தெருவில் பேர் பரவி, மற்ற வீடுகளிலிருந்தும் ஆள் வந்தது.

இப்போது என் பேர் போட்ட புத்தகங்கள் அலமாரியில் இருக்கின்றன. வாசகருக்கு என் எழுத்து கடல் தாண்டிப் போய்ச் சேரும், படித்தவர் பணம் அனுப்புவார், அந்தப் பணத்தில் ஒரு கூரை ஓடு மாறும் என்பதெல்லாம் அந்தக் கடுதாசிகளோடு சரி. அச்சில் வந்த பிறகு நடந்தது நேர் தலைகீழ். என் முதல் கதைத் தொகுப்பைக் கொண்டுவந்தவர், விற்காத பிரதிகளை என் வீட்டுக்கே அனுப்பினார். லாரி வாடகை என் பொறுப்பு. அக்காவின் பேத்தி துபாயிலிருக்கும் கணவனிடம் வீடியோவில் பேசுகிறாள். அடுக்களை ஒழுகினால் போனைத் திருப்பிக் காட்டிவிடுகிறாள். அதற்கு இடையில் ஓர் எழுத்தனுக்கு என்ன வேலை?

தமிழ் முரசும் இணையத்தில் கிடைக்கிறது. ஏழாம் பக்கம் பத்திரமாக இருக்கிறது, தைல வாடை மட்டும் இல்லை. பிறகு படிக்கலாம் என்று நிறைய சேமித்து வைத்திருக்கிறேன். படித்தது குறைவு.

பாடப்புத்தகத்துக்குள் முத்து காமிக்ஸை ஒளித்துப் படித்துப் பிரம்படி வாங்கியவன் நான். இன்று மாவட்டத்துக்கு மாவட்டம் அரசே புத்தகத் திருவிழா நடத்துகிறது, பிள்ளைகளை ஆசிரியர்களே வரிசையாக அழைத்துப் போகிறார்கள். போன வருஷம் ஒரு பள்ளியில் ‘வாசிப்பின் அவசியம்’ பற்றிப் பேசக் கூப்பிட்டார்கள். வாசிப்பு எனக்கு அவசியமாகவா இருந்தது? அனாவசியம் என்று எல்லாரும் அடித்துச் சொன்னதால் அல்லவா அதில் அத்தனை ருசி? அதை அங்கே சொல்ல முடியாது. சால்வை போர்த்திவிட்டார்கள்.

பேச்சு முடிந்ததும் கேள்வி நேரம். கடைசி பெஞ்சுப் பையன் ஒருவன் எழுந்தான்.

“கதை எழுதினா ஃபாரின் போகலாமா சார்?”

ஊர் மாறவில்லை என்று தோன்றியது. ஆனாலும் நியாயமான கேள்வி. நம் குடவாசல் பக்கத்து எரவாஞ்சேரியில் 1939இல் பிறந்த ஜே.எம். சாலி என்பவர் சிறுவர் பத்திரிகைக்கு எழுதத் தொடங்கி, ஆனந்த விகடனில் வேலை பார்த்து, சிங்கப்பூர் போய்த் தமிழ் முரசில் சேர்ந்ததையும், 2012இல் அந்நாட்டின் கலாசாரப் பதக்கம் பெற்றதையும் சொன்னேன். பையன் கவனமாகக் கேட்டுக்கொண்டு, இரண்டாவது கேள்வியைக் கேட்டான்.

“விசா யாரு சார் எடுத்துக் குடுத்தா?”