டீஜேயின் வர்ண சாஸ்திரம்

பூந்தமல்லிக்கு மேற்கே, பெங்களூர் நெடுஞ்சாலையின் இரு மருங்கிலும், ஒரு காலத்தில் ஏரிப் பாசனத்தில் நெல் விளைந்த நிலங்களில் இப்பொழுது கல்யாண மண்டபங்கள் விளைகின்றன. முகூர்த்த மாதத்து மாலையொன்றில் நசரத்பேட்டையிலிருந்து செம்பரம்பாக்கம் வரை சீரியல் விளக்குகளின் வெளிச்சத்தில் பிரயாணம் செய்கிறவர் எந்த மண்டபத்துக்குள் நுழைந்தாலும், வரவேற்பு மேடைக்கு ஓரமாக, ஒரு காதில் மட்டும் ஹெட்போனைச் சார்த்திக்கொண்டு, பக்கத்தில் புகை கக்கும் இயந்திரத்தையும் பின்னால் பழம் ஏப்பம் விடும் உறவினர்களையும் சட்டை செய்யாமல், மடிக்கணினித் திரையை ஏகாக்கிர சித்தத்துடன் நோக்கி நிற்கும் ஒரு வாலிபரைக் காண்பது திண்ணம். அவரே டீஜே. அழைப்பிதழில் அவர் பெயர் இராது. ஆயினும் அட்வான்ஸ் பெற்றவர்களின் வரிசையில் சமையற்காரருக்கும் நாதஸ்வரக்காரருக்கும் அடுத்த ஸ்தானம் அவருடையது. பகலில் இருங்காட்டுக்கோட்டைப் பக்கம் ஏதாவது தொழிற்சாலையில் ஷிப்ட் பார்ப்பார், இரவில் கலைஞர்.

பாட்டுப் போடுவதுதான் இவர் வேலை என்று நினைப்பவர் இவரை அறியாதவர். பாட்டுப் போடுவது கைப்பேசி வைத்திருக்கும் எவருக்கும் கைவந்த காரியம். நம்மவருடைய வித்தை வேறு. ஒரு பாட்டில் பல்லவி எங்கே புறப்படுகிறது, தாளம் எங்கே இடியாய் இறங்குகிறது, பாடகர் மூச்சு வாங்கும் இடைவெளி எங்கே இருக்கிறது என்பதையெல்லாம் இரவு முழுவதும் செவியால் துழாவிக் கண்டுபிடித்து, அவ்வவ்விடத்தில் ஓர் அடையாளக் கொடியை ஊன்றி வைத்து, வேண்டிய தருணத்தில் ஒரு பொத்தானைத் தட்டி நேரே அந்த இடத்துக்குத் தாவுவதே அவர் தொழிலின் ஜீவநாடி. அந்தக் கொடிக்குத்தான் கியூ பாயின்ட் என்று பெயர். கொடி என்றால் நிறம் உண்டு. நிறம் என்று வந்துவிட்டால் நம் நாட்டில் அபிப்பிராய பேதமும் உண்டு.

கொடியை ஊன்றிய மாத்திரத்தில் மென்பொருளானது, யாரையும் கேளாமல், அதற்கு ஒரு டிஃபால்ட் நிறத்தைச் சூட்டிவிடுகிறது. ஆக்லாந்து நகரத்தாரின் செராட்டோ, முதற்கொடிக்குச் சிவப்பு, இரண்டாவதற்கு ஆரஞ்சு, மூன்றாவதற்கு நீலம், நான்காவதற்கு மஞ்சள் என்று பந்தியில் இலை போட்டுக்கொண்டு போகிறவர் மாதிரி எட்டாவது கொடி வரை போட்டுக்கொண்டே போகும். பெர்லின் நகரத்தாரின் டிராக்டரோ, பிறந்த வரிசையைப் பாராமல் செய்கிற தொழிலைப் பார்க்கும்: சாதாரணக் கொடி நீலம், திரும்பத் திரும்பச் சுழலும் லூப் பச்சை, பாட்டு ஏறி நிற்கும் இடம் மஞ்சள், தாளக் கட்டம் தொடங்கும் இடம் வெள்ளை. ஜப்பானியரின் ரெக்கார்ட்பாக்ஸ், கியூவெல்லாம் பச்சை, லூப்பெல்லாம் ஆரஞ்சு என்னும் வைராக்கியத்தில் வெகுகாலம் இருந்துவிட்டுப் பிறகு மனம் இளகியது. தொண்டர்கள் கூடி ஆக்கி இலவசமாய் வழங்கும் மிக்ஸ் என்பதோ, 2021-இல் வெளிவந்த 2.3-ஆம் பதிப்பு முதலாக, எண்வாரியாகப் பல நிறமா, எல்லாவற்றுக்கும் ஒரே நிறமா என்று உபயோகிப்பவரையே கேட்டு நடந்துகொள்கிறது. செம்பரம்பாக்கத்தில் ஒரு குத்துப்பாட்டின் ஆரம்பம் இன்ன நிறந்தான் என்று ஆக்லாந்தில் உட்கார்ந்திருக்கும் எவரோ தீர்மானிப்பதாவது! நம்மவருடைய சுதந்திரப் போராட்டம் தொடங்கியது இந்த இடத்தில்தான்.

அடையாளம் இடும் பழக்கம் என்னவோ புராதனமானது. 1970-களில் நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில் கிராண்ட்மாஸ்டர் ஃப்ளாஷ் என்பவர், இசைத்தட்டின் மேலேயே கிரேயானால் கோடு கிழித்து, தாளம் தனித்து ஒலிக்கும் இடத்துக்கு எத்தனை சுற்றுப் பின்னே போகவேண்டும் என்று கண்ணால் கணக்கிட்டார். நம் ஊர் மைக் செட்காரருக்கு அந்தக் கோடும் தேவைப்படவில்லை. விடியற்காலையில் சீர்காழி கோவிந்தராஜனின் கணீர்க் குரலில் விநாயகரை அழைத்துவிட்டு, வேப்பமரத்தில் கட்டிய குழாய் ஸ்பீக்கருக்குக் கீழே அரைத் தூக்கத்தில் இருந்தபடியே, முள்ளை வேண்டிய பாட்டின் விளிம்பில் கொண்டுபோய் இறக்குவார். அதற்கும் முற்பட்டது நாதஸ்வர சம்பிரதாயம். தாலி கட்டும் க்ஷணத்தில் ஒரு பெரியவர் ஆள்காட்டி விரலை உயர்த்தி ஆட்டி, “கெட்டிமேளம், கெட்டிமேளம்” என்று ஒரு குரல் கொடுக்க, அதுவரை ஆனந்தபைரவியிலோ கல்யாணியிலோ சாவகாசமாய்ச் சஞ்சரித்துக்கொண்டிருந்த நாயனமும் தவிலும் அந்த நொடியிலேயே பெருமுழக்கமாய் மாறுமே, அதைவிடச் சுத்தமான கியூ பாயின்ட் உலகில் வேறு உண்டா? அந்த விரலுக்கு எவரும் வர்ணம் பூசவில்லை என்பதை ஒருநாள் நம்மவரிடம் சொன்னேன். “மோதிரம் இருந்திருக்கும் சார்,” என்றார்.

அவருடைய சாஸ்திரத்தைக் கேட்டு அனுபவிக்கவேண்டும். பாடகர் வாய் திறக்கும் இடம் நீலம். தாளவாத்தியம் தனித்து நிற்கும் இடம் மஞ்சள். கூட்டம் குதிக்கும் இடம் சிவப்பு. அவசரத்துக்குப் பாட்டைவிட்டு வெளியேறும் வழி பச்சை, அதாவது சினிமாக் கொட்டகைக் கதவுக்கு மேலே எரியும் விளக்கின் பிரமாணப்படி. ஊதா நிறம் ஒன்றை மட்டும் அவர் யாருக்கும் விளக்காமல் வைத்திருந்தார். வற்புறுத்திக் கேட்டபோது, 1991-இல் வெளியான தளபதி படத்து ‘ராக்கம்மா’ பாட்டைத் திரையில் விரித்துக் காட்டினார். கைதட்டலும் கும்மாளமுமாய்ப் போகிற அந்தப் பாட்டின் நடுவில், இளையராஜா அப்பர் சுவாமிகளின் தேவாரத்தைக் கொண்டுவந்து வைத்திருக்கிறார் அல்லவா? ஆடிக்கொண்டிருப்பவர்கள் அந்த இடம் வந்ததும் தூக்கிய காலை எங்கே வைப்பதென்று தெரியாமல் தவிக்கிறார்கள். பக்தி உள்ள மாமிகளோ அந்த இடத்துக்காகவே நாற்காலியை முன்னே இழுத்துப் போட்டுக்கொள்கிறார்கள். தாண்டிப் போவதா, நிற்பதா என்பதைச் சபையைப் பார்த்துத் தீர்மானிக்கவேண்டிய இடமாகையால் அதற்கு ஊதா. அப்பரின் சரிதத்தைப் பெரியபுராணத்தில் விரித்துப் பாடிய சேக்கிழார் பிறந்த குன்றத்தூர், செம்பரம்பாக்கம் ஏரிக்கு அடுத்தாற்போல்தான் இருக்கிறது என்று எடுத்துச் சொன்னேன். அவர் சிறிது யோசித்துவிட்டு, குன்றத்தூர்க் கல்யாணங்களில் அந்த இடத்தைத் தாண்டுவதில்லை என்று அன்றே சங்கற்பம் செய்துகொண்டார். நான் அறிந்தவரையில் இதுகாறும் மீறவில்லை.

செம்பரம்பாக்கத்தில் நிறங்களோடு விளையாடுவதில் வேறொரு சங்கடமும் உண்டு. 24 அடி ஆழமும் 3,645 மில்லியன் கன அடிக் கொள்ளளவும் உள்ள ஏரியின் கரையில் வாழ்கிறவர்கள், ஐப்பசி கார்த்திகையில் பஞ்சாங்கத்தைவிட வானிலை நிலையத்தின் நிறங்களையே அதிகம் பார்ப்பவர்கள். பச்சை என்றால் பயமில்லை, மஞ்சள் என்றால் கவனி, ஆரஞ்சு என்றால் தயாராக இரு, சிவப்பு என்றால் சாமான்களைப் பரண்மேல் ஏற்று. 2015 டிசம்பர் 1-ஆம் தேதி இரவில் விநாடிக்கு 29,000 கன அடி வீதம் தண்ணீர் திறந்துவிடப்பட்டு அடையாற்றின் கரை நெடுகிலும் ஊர்கள் மூழ்கியதை எவரும் மறக்கவில்லை. இப்படிப்பட்ட ஊரில், ஐப்பசி மழை கூரைமேல் கொட்டிக்கொண்டிருந்த ஒரு வரவேற்பில், ஐஸ்கிரீம் கிண்ணத்தோடு அந்தப் பக்கம் வந்த மணமகளின் பெரியம்மா, திரையில் வரிசையாகச் சிவப்புக் கொடிகள் நிற்பதைக் கண்டு, “ஏம்பா தம்பி, எல்லாம் ரெட்டாவே காட்டுதே, ஏரியத் தொறந்து வுட்டுட்டாங்களா?” என்று கேட்டுவிட்டார். அந்தக் கேள்வி பந்திக்குப் போய்ச் சேர்ந்தபோது அது கேள்வியாக இல்லை, செய்தியாகிவிட்டது. ரசம் பரிமாறுவதற்குள் பாதிப் பந்தி எழுந்துவிட்டது. மண்டபத்துக்காரர் மைக்கைப் பிடுங்கி, ஏரி மூடித்தான் இருக்கிறது என்று அறிவிக்கவேண்டியதாயிற்று. மழைக்காலம் முடியும்வரை சிவப்பை விலக்கிவைத்துக் குதிக்கும் இடத்துக்கு ரோஜா நிறம் என்று அன்றிரவே நம்மவர் ஓர் அவசரச் சட்டம் பிறப்பித்தார்.

பிறப்பித்தாரே ஒழிய, அமல் செய்வது எளிதா? நம்மவர் உபயோகிக்கும் மிக்ஸில் டிஃபால்ட் நிறத்தை மாற்றினால், அந்த மாற்றம் இனிமேல் ஊன்றப்போகும் கொடிகளுக்குத்தான் செல்லும். முன்னே ஊன்றியவை முன்னைய நிறத்திலேயே நிற்கும். செய்தபொழுது குற்றமாக இராத செயலுக்குப் பின்னால் வந்த சட்டத்தைக் காட்டித் தண்டனை விதிக்கலாகாது என்கிறது நம் அரசியல் சாசனத்தின் 20-ஆம் பிரிவு. மென்பொருளும் அந்த நியாயத்தையே அனுசரிக்கிறது. இன்ன நிறத்தைக் களஞ்சியம் முழுவதிலும் இன்ன நிறமாக மாற்று என்று ஒரே ஆணையில் முடித்துக்கொள்ளவும் அதில் வழி இருக்கிறது. ஆனால் நம்மவருக்கு அது சம்மதமில்லை. மென்பொருள் தானாகச் சூட்டிய சிவப்பு வேறு, தாம் கேட்டு அனுபவித்துக் கைப்பட இட்ட சிவப்பு வேறு. இரண்டையும் ஒரே தராசில் நிறுத்தால் தெய்வத்துக்கு அடுக்காது என்பார். ஆகையால், ஆழ்வார்கள் பன்னிருவர் சேர்ந்து பாடிய அளவுக்குச் சற்று மேலாகவே, நாலாயிரத்துச் சொச்சம் பாட்டுகளை, தாம் ஒருவராகவே ஒவ்வொன்றாய்த் திறந்து, எந்தச் சிவப்பு யார் இட்ட சிவப்பு என்று விசாரித்துத் தீர்ப்பு வழங்கிக்கொண்டிருந்தார். வீட்டில் அன்னையார், “பொண்ணு பாக்கப் போவலாம் வாடா” என்று அழைத்த ஞாயிற்றுக்கிழமைகளும் இந்த விசாரணையிலேயே கழிந்தன. நடுவில் ஒருமுறை, பெரிய மண்டபத்துக்காரர் வேறு கருவி வைத்திருக்கிறார் என்பதற்காகக் களஞ்சியத்தை ரெக்கார்ட்பாக்ஸுக்குக் குடிபெயர்த்தபோது, அத்தனை கொடிகளும் பச்சைப் பசேலென்று ஒரே நிறமாய் வந்து இறங்கின. அந்த வாரம் அவர் சரியாகச் சாப்பிடவில்லை.

இவ்வளவு பாடுபட்டுச் சித்தம் செய்த வர்ணங்களுக்கு மண்டபத்தில் கிடைக்கும் மரியாதையைப் பற்றி விரிவாகச் சொல்ல மனம் வரவில்லை. மணமக்கள் உள்ளே நுழைகிற என்ட்ரிப் பாட்டு ஒன்றுக்குத்தான் அவர் ராஜா. அப்புறம் மாப்பிள்ளையின் தோழர்கள் மேடையருகே வந்து நின்றுகொண்டு, அரைப்பாட்டு முடிவதற்குள் அடுத்த பாட்டு என்பார்கள்; தாய்மாமன் வந்து தம் கைப்பேசியையே நீட்டி, “தம்பி, இதுல இருக்கு பாரு, இத்தப் போடு” என்பார். கைப்பேசியில் ஏது கொடி, ஏது நிறம்? ஒலிபெருக்கி விதிகள் 2000-ஆம் ஆண்டிலிருந்து இரவு 10 மணிக்கு மேல் வாயடைக்கச் சொல்வதால், எட்டுக் கொடி கண்ட பாட்டுக்கு இரண்டாவது கொடி தாண்டுவதற்குள் மணி அடித்துவிடும்.

இனி அவருடைய கையாளைப் பற்றி. ஒயர் சுருட்டவும் ஸ்பீக்கர் தூக்கவும் கூட வரும் பையன். நம்மவரை ‘ண்ணா’ என்பான். தண்டலம் பக்கத்து வரவேற்பொன்றில் நம்மவர் பிரியாணிக்காகப் பந்தியில் உட்கார்ந்த நேரத்தில், அவன்தான் கருவிகளைக் கவனித்துக்கொண்டான். கூட்டம் அன்று என்றுமில்லாத உற்சாகத்தோடு ஆடியது. பிரியாணியை அரையில் விட்டுவிட்டு ஓடிவந்த ஆசிரியர், இவ்வளவு பொருத்தமாய்ப் பாட்டுக்குப் பாட்டு தாவினாயே, என் வர்ண சாஸ்திரத்தை எப்போது கற்றாய் என்று தழுதழுத்துக் கேட்க, பையன் தலையைச் சொறிந்துகொண்டு, தனக்குச் சிவப்பும் பச்சையும் சின்ன வயதிலிருந்தே ஒன்றாகத்தான் தெரியும் என்றும், கண் டாக்டர் புள்ளிப் படங்களைக் காட்டி அதை எப்போதோ சொல்லிவிட்டார் என்றும், நாலாவது பட்டனை அமுக்கினால் எல்லாரும் குதிக்கிறார்கள் என்பது ஒன்றே தனக்குத் தெரிந்த சாஸ்திரம் என்றும் விஞ்ஞாபித்துக்கொண்டான்.

வேறொருவராக இருந்தால் அந்த இடத்திலேயே வர்ணங்களைத் துறந்து சந்நியாசம் வாங்கியிருப்பார். நம்மவர் அன்றிரவு ஒன்றும் பேசவில்லை. வண்டியில் சாமான் ஏற்றி முடிந்ததும், பையனை ஒரு டீக்கடை வெளிச்சத்தில் நிறுத்தி, எந்தெந்த நிறம் எப்படித் தெரிகிறது என்று ஒவ்வொன்றாகத் திரையில் காட்டி விசாரித்துக் குறித்துக்கொண்டார். நீலமும் மஞ்சளும் தெளிவு; சிவப்பும் பச்சையும் ஒன்று; ஊதா சில நேரம் நீலம். மறுநாளே டிஃபால்ட் பட்டியலிலிருந்து பச்சையையும் சிவப்பையும் நீக்கினார். நாலாயிரத்தையும் முதலிலிருந்து திறந்து, நீலத்தில் மூன்று சாயை, மஞ்சளில் மூன்று சாயை என்று புதிய விசாரணையைத் தொடங்கியிருக்கிறார். “நான் நம்பரப் பாத்துதாண்ணா அமுக்குறேன்” என்று பையன் இரண்டொரு தடவை சொல்லிப் பார்த்தான். “நீ கம்முனு இருடா, உனக்காகத்தான் செய்யறேன்” என்றார் அவர்.