தொண்ணூறுக்குள் ஒளிந்திருக்கும் நூறு

கேள்வி: தரம் இரண்டில் படிக்கும் என் மகன் 89 வரை பிழையில்லாமல் எழுதுகிறான். ‘தொண்ணூற்றைந்து’ என்றால் மட்டும் 105 என்று எழுதுகிறான். கணக்கு ஏறவில்லையோ?
– ஒரு தாய், சாவகச்சேரி

பதில்: கணக்கு நன்றாகவே ஏறியிருக்கிறது, தங்கச்சி. காதும் கூர்மை! ‘தொண்ணூற்றைந்து’க்குள் ‘நூற்றைந்து’ கேட்கிறதே, அதைத்தான் எழுதியிருக்கிறான். எண்பது வரை ‘பத்து’ தெளிவாக நிற்கிறது: இருபது, முப்பது, நாற்பது. ஒன்பதின் குடும்பம்தான் அடுத்த வீட்டுப் பெயரைச் சூட்டிக்கொண்டது. ஒன்பதுக்குள் பத்து, தொண்ணூறுக்குள் நூறு, தொள்ளாயிரத்துக்குள் ஆயிரம்! தயவுசெய்து பிள்ளைக்கு அடிக்க வேண்டாம்.

உங்கள் தென்மராட்சியில் தென்னைக்கா பஞ்சம்? ஈர்க்கை ஒரு விரல் நீளத்துக்கு முறித்து, பத்துப் பத்தாக நூலால் கட்டச் சொல்லுங்கள். ஒன்பது கட்டு, பக்கத்தில் ஐந்து தனி ஈர்க்கு. அவனே எண்ணி 95 என்று எழுதட்டும். பிறகு இன்னும் ஐந்து கொடுங்கள். பத்தாவது கட்டையும் அவனே கட்டி, நூறு எங்கே தொடங்குகிறது என்று உங்களுக்குக் காட்டுவான். கட்டுகளை எறிந்துவிடாதீர்கள், கடன் வாங்கிக் கழிக்கும் கணக்கு வரும்போது ஒன்றை அவிழ்த்தால் போதும்.