உள்ளிட்ட பலர்

ஊருக்கு ஊர் ஒரு செயலாளர் இருக்கிறார். எந்தச் சங்கத்துக்கு என்று கேட்காதீர்கள். வர்த்தகர் சங்கமோ, நுகர்வோர் மன்றமோ, ரயில் பயணிகள் நலச் சங்கமோ, மூன்றுக்குமே சேர்த்தோ இருக்கலாம். சங்கம் மாறும், லெட்டர்பேடு மாறும், ஆள் மாறமாட்டார். விழா மாலை ஐந்து மணிக்கு என்றால் மதியம் இரண்டு மணிக்கே பிரஸ் நோட் ஏரியா நிருபரின் வாட்ஸ்அப்புக்குப் போய்விடும். 'இளைஞர்கள் மரம் வளர்ப்பதைத் தவமாகக் கொள்ள வேண்டும் என்று சிறப்பு விருந்தினர் கேட்டுக்கொண்டார்' என்று அதில் இருக்கும். அந்த விருந்தினரோ அந்நேரம் வீட்டில் உண்ட மயக்கத்தில் படுத்திருப்பார்.

"அண்ணே, அவர் என்ன பேசுவார்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"தம்பி, போன வருஷமும் அவர்தானே வந்தாரு."

அதற்குமேல் நிருபர் கேட்கமாட்டார். மாவட்டப் பதிப்பின் உள்ளூர்ப் பக்கத்தைச் சாயங்காலத்துக்குள் முடித்தாக வேண்டும். விழா முடிந்து, சால்வைகளை மடித்து வைத்துவிட்டு எழுதி அனுப்பினால் அது பழைய சோறு. செயலாளருக்கு அவசரம் ஒன்றுமில்லை. தொழில் தெரியும், அவ்வளவுதான்.

இந்தச் செய்திக்குறிப்பு வித்தைக்கு மூலபுருஷர் என்று அமெரிக்கரான ஐவி லீயைச் சொல்வார்கள். 1906-ல் அட்லாண்டிக் சிட்டி அருகே ரயில் ஒன்று பாலத்திலிருந்து தண்ணீரில் விழுந்து 50-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ரயில்வே கம்பெனி சார்பில் அவர் நடந்ததை எழுதி நிருபர்களிடம் கொடுத்தார். நியூயார்க் டைம்ஸ் அதை அப்படியே அச்சிட்டது. நடந்த பிறகு எழுதுவது ஒரு பெரிய காரியமா என்பது நம் செயலாளரின் கட்சி.

அவருடைய குறிப்பை மேலிருந்து கீழே வாசித்தால் ஊரின் வரவுசெலவு விளங்கிவிடும். தலைமை ஒருவருக்குத்தான். சிறப்புரை ஒருவருக்கு, மிஞ்சினால் இருவருக்கு. ஆனால் 'முன்னிலை' என்ற பதவியைக் கண்டுபிடித்தவர் மகான். எத்தனை பேரை வேண்டுமானாலும் அதில் ஏற்றலாம். அவர்கள் ஒன்றும் செய்ய வேண்டியதில்லை, வராவிட்டாலும் பாதகமில்லை. நன்கொடை கொடுத்த அரிசி மண்டிக்காரர் முன்னிலை. மண்டபத்தை வாடகை இல்லாமல் விட்டவர் முன்னிலை. போன தடவை பெயர் விட்டுப்போய்க் கோபித்துக்கொண்டவர் முதல் முன்னிலை. 23 உறுப்பினர் உள்ள சங்கத்தில் 11 பேர் முன்னிலை வகித்தால் எதிரே உட்கார்ந்து கேட்டது யார் என்று கணக்குப் பார்க்கக் கூடாது. அதற்குத்தான் 'திரளானோர்' என்று எழுதி வைத்திருக்கிறாரே.

இப்படி இழைத்து இழைத்துச் செய்த குறிப்புக்கு எமன் சப் எடிட்டர். முக்கியமானதை முதலில் சொல், உதிரியைக் கடைசியில் போடு, இடம் போதாவிட்டால் அடியிலிருந்து வெட்டிக்கொள்ளலாம் என்பது பத்திரிகை ஆபீஸ் இலக்கணம். நம் ஊர் விழாச் செய்தியின் அடியில் யார் இருக்கிறார்கள்? 'முன்னதாக, துணைத் தலைவர் வரவேற்றார். முடிவில், பொருளாளர் நன்றி கூறினார்.' சங்கத்துப் பணம் பொருளாளர் கையில். கத்தரி முதலில் விழுவதும் அவர் தலையில். அடுத்தபடியாக, முன்னிலைக்காரர்களில் இருவரை மட்டும் விட்டுவிட்டு, பாக்கி ஒன்பது பேரையும் 'உள்ளிட்ட பலர்' என்ற ஒரே குழியில் தள்ளி மூடிவிடுவார் சப் எடிட்டர். மறுநாள் காலை அந்த ஒன்பது பேரும் கையில் பேப்பரோடு டீக்கடைக்கு வருவார்கள்.

"ஏன்யா செயலாளரே, நான் பலரா?"

"நான் எல்லார் பேரும் கொடுத்தேண்ணே. மேலே வெட்டிட்டாங்க." வாட்ஸ்அப்பைத் திறந்து ஆதாரம் காட்டுவார். ஒன்பது பேரும் சமாதானமாவார்கள். பொருளாளரிடம் மட்டும் அந்த ஆதாரம் செல்லாது. ஆகவே அடுத்த குறிப்பில் நன்றியுரை இரண்டாவது வரிக்கே ஏறிவிடும். விழா தொடங்குமுன்பே நன்றி சொல்லி முடித்திருப்பார்கள்.

லெட்டர்பேடில் கார்பன் வைத்து எழுதி, சைக்கிளில் நிருபர் வீடு வீடாகப் போய் ஒரு காலத்தில் கொடுத்தவர் செயலாளர். பிறகு டி.டி.பி. சென்டர் வந்தது. அங்கே ஏதோ ஒரு எழுத்துருவில் அடித்து மெயிலில் அனுப்பினால், அது இல்லாத கணினியில் வெறும் ஆங்கில எழுத்தும் குறியுமாகத் திறந்தது. யூனிகோடு வந்து அந்தப் பீடை ஒழிந்தது. இப்போது போனிடம் வாயால் சொல்கிறார், அது எழுதிக்கொள்கிறது. தலைமையாசிரியருக்குப் பொன்னாடை போர்த்திய செய்தி 'பின்னாடி போர்த்திக் கௌரவித்தனர்' என்று போய்ச் சேர்ந்தது இப்படித்தான். சப் எடிட்டர் திருத்திப் போட்டுவிட்டார். செயலாளர் அந்த மனிதரை வாழ்த்தியது அன்று ஒருநாள்தான்.

நாள் பார்ப்பதில் அவரை மிஞ்ச ஜோசியர் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை அரசு ஆபீஸ் இல்லை, கோர்ட் இல்லை. திங்கட்கிழமைப் பேப்பர் செய்திக்கு ஏங்கிக் கிடக்கும். ஆகவே விழா ஞாயிறு. அமைச்சர் மாவட்டத்துக்கு வருகிறார் என்றால் இலவசக் கண் சிகிச்சை முகாமையே தள்ளிப்போட்டுவிடுவார். கண் காத்திருக்கும், நாலு காலம் செய்தி காத்திருக்குமா? ரத்ததான முகாம் படத்தில் கட்டிலில் படுத்திருப்பவரும் அவர்தான். "இன்சுலின் போடுறவங்ககிட்ட ரத்தம் எடுக்க மாட்டாங்களே, நீங்க எதுக்குப் படுத்தீங்க?" என்று வீட்டில் கேட்டார்கள். "படத்துக்கு ஒரு ஆள் குறைஞ்சுது" என்றார்.

தமிழ் சினிமாவின் முதல் பி.ஆர்.ஓ. என்று பெயரெடுத்த 'பிலிம் நியூஸ்' ஆனந்தன், 1958-ல் வந்த 'நாடோடி மன்னன்' படத்திலிருந்து இப்படிச் செய்தி கொடுப்பதை ஒரு தொழிலாகவே ஆக்கிக் காட்டினார். நம்மவருக்கோ கைக்காசுதான் செலவு. செய்தி வந்த அன்று ஏஜென்ட்டிடம் இருக்கும் பேப்பரில் பாதியை இவரே வாங்கிவிடுவார். தீபாவளிக்கு நிருபர் தயங்கித் தயங்கி விளம்பரம் கேட்கும்போது இல்லையென்று சொல்லவும் முடியாது.

சிரிக்கலாம்தான். ஆனால் பஸ் ஸ்டாண்டு கழிப்பறைக்குத் தண்ணீர் வந்ததும், பள்ளிக்கூட வாசலில் வேகத்தடை போட்டதும் இவருடைய நாலு வரிக் குறிப்பால்தான். மேஜை மேஜையாகத் தூங்கிய மனு, பேப்பரில் வந்த மறுநாள் நடக்க ஆரம்பிக்கிறது. சேவை மனம் மட்டும் உள்ளவர்கள் மனுவோடு நின்றுவிட்டார்கள். பெயர் ஆசை பிடித்தவர்தான் அதைச் செய்தியாக்கினார். என்னைக் கேட்டால் ஊருக்கு இவரே லாபம். வேகத்தடை வந்ததில் அவருக்கு மட்டும் சின்ன வருத்தம். ஆறு மாதத்துக்கு ஒருதரம் அனுப்பிவந்த கோரிக்கை கைவிட்டுப் போயிற்று. நன்றி அறிவிப்பு ஒன்று அனுப்பி ஓரளவு ஈடுகட்டினார்.

சில நாள் சாயங்காலம் நிருபரே கூப்பிடுவார்.

"அண்ணே, விளம்பரம் ஒண்ணு கடைசி நேரத்துல நின்னுபோச்சு. உள்ளூர்ப் பக்கத்துல இடம் கிடக்கு. ஏதாச்சும் இருக்கா?"

"கோரிக்கை வேணுமா, கண்டனம் வேணுமா?"

"ரெண்டுக்கும் என்னண்ணே வித்தியாசம்?"

"கோரிக்கைன்னா என் பேரு மட்டும். கண்டனம்னா 11 பேரும் வரணும்."

"கோரிக்கையே கொடுங்க."

"எக்ஸ்பிரஸ் நம்ம ஊர்ல நிக்கணும்னு ஒண்ணு ரெடியா இருக்கு. படத்துக்கு இடம் இருக்குமா தம்பி?"

"ரயில் படமாண்ணே?"

"ரயில் படம் எதுக்கு? அதுதான் இங்கே நிக்கிறதே இல்லையே. என் படம் அனுப்புறேன்."