ஓரத்தில் நின்ற பிள்ளை

1985-இல் எங்கள் வீட்டு டிவியில் படம் தெரிய மூன்று பேர் வேண்டும். மொட்டை மாடியில் ஆன்டெனாக் குழாயைத் திருப்ப நான், உள்ளே பெட்டிக்கு முன்னால் அப்பா. அவர் குரல் மாடிக்கு எட்டாது. அதனால் நடுவில், முற்றத்தில் அம்மா.

தூத்துக்குடியில் அன்று எங்களுக்குக் கிடைத்தது இலங்கையின் ரூபவாஹினிதான். மன்னார் வளைகுடாவைத் தாண்டி வரும் படம். பூஸ்டர் வைத்து, கடலைப் பார்த்துத் தென்கிழக்காக ஆன்டெனாவைத் திருப்ப வேண்டும்.

"இன்னும் கொஞ்சம் கெழக்கயாம்ல!" என்பாள் அம்மா.

"இப்பம்?"

உள்ளே ஓடிக் கேட்டு வருவாள். "ஆளு தெரியுதாம். மொகம் தெரியலையாம்."

விரற்கடை திருப்புவேன். முகம் வந்துவிட்டால் பிடித்த பிடியை விடாமல் கம்பியை இறுக்கிக் கட்டிவிட்டு இறங்கி ஓடுவேன். அதற்குள் ஜன்னல் நிறையத் தெருப் பிள்ளைகள் நிற்பார்கள். அம்மா அடுப்பு வேலையை முடித்துவிட்டு வரும்போது பாதி நிகழ்ச்சி போயிருக்கும். எங்கள் எல்லாருக்கும் படத்தை வரவழைத்தவள், கடைசி ஆளாக வந்து கதவோரம் உட்காருவாள். அது அன்று எனக்கு உறைக்கவே இல்லை.

போன பொங்கலுக்குச் சிங்கப்பூரில் தங்கை மகள் கும்மி ஆடினாள். நிகழ்ச்சியை இணையத்தில் நேரலையாகக் காட்டினார்கள். எங்கள் டிவி பழசு, தானாக இணையத்தைத் தொடாது. செல்போனிலோ அம்மாவுக்கு ஆட்கள் எறும்பு மாதிரித் தெரிகிறார்கள். அதனால் அறையில் இருக்கும் கம்ப்யூட்டரிலிருந்து ஹாலுக்கு 5 மீட்டர் எச்டிஎம்ஐ கேபிள் இழுத்தேன். முன்பு விஜிஏ வயரில் படம் மட்டும்தான் போகும், சத்தத்துக்குத் தனி வயர் வேண்டும். இதில் இரண்டும் ஒன்றாகப் போகும். விண்டோஸ் பொத்தானோடு பி-யை அழுத்தி, டூப்ளிகேட் என்பதைத் தேர்ந்தெடுத்தேன். படம் வந்தது, பாட்டு மட்டும் என் மேசையிலேயே கேட்டது. சத்தம் போகும் இடத்தை டிவிக்கு மாற்றியதும் ஹாலில் கும்மிப் பாட்டு எழுந்தது.

"தெரியுதாம்மா?"

"எல்லாப் பிள்ளையும் தெரியுது. நம்ம பிள்ளையக் காணோமே."

என் திரையில் அவள் இருந்தாள், வரிசையின் இடது கோடியில். ஹாலுக்குப் போய்ப் பார்த்தேன். டிவியில் ஒரு கையும் பாவாடை ஓரமும் மட்டும்தான் தெரிந்தன.

குழாய் டிவி காலத்தில் படத்தின் விளிம்பு ஒழுங்காக நிற்காது. அது கண்ணில் படாமல் இருக்கப் படத்தைச் சற்றே பெரிதாக்கி, ஓரத்தைச் சட்டத்துக்கு வெளியே தள்ளிவிடுவார்கள். ஓவர்ஸ்கேன் என்று பெயர். குழாய் போய்த் தட்டைத் திரை வந்த பிறகும் அந்தப் பழக்கத்தைப் பல டிவிகள் விடவில்லை. நாங்கள் ரூபவாஹினி பார்த்த நாட்களிலும் இப்படி ஓரத்தில் யாராவது நின்றிருப்பார்கள்தானே என்று தோன்றியது.

ரிமோட்டில் படத்தின் அளவுக்கான பட்டியலைத் திறந்தேன். ஓரத்தை வெட்டாமல் முழுப் படத்தையும் காட்டும் அளவுக்கு எங்கள் டிவியில் 'ஜஸ்ட் ஸ்கேன்' என்று பெயர். சில டிவிகளில் 'ஸ்க்ரீன் ஃபிட்' என்றிருக்கும். அழுத்தியதும் படம் துளி சுருங்கியது. மஞ்சள் பாவாடையோடு பிள்ளை முழுசாக உள்ளே வந்தாள்.

அம்மா நாற்காலியை இழுத்து டிவிக்குப் பக்கத்தில் போட்டுக்கொண்டாள்.

"மொகம் நல்லா தெரியுதுல" என்றாள்.