இன்டர்லூடு அண்ணாச்சி

பங்குனி பிறந்து பொங்கல் சாட்டிவிட்டால் ஆலங்குளம் வட்டாரத்தில் சுவரெல்லாம் நோட்டீஸ்தான். மேலே அம்மன் படம். அதற்குக் கீழே கொடியேற்றம், அக்கினிச் சட்டி, முளைப்பாரி என்று வரிசை. ஊர்க்காரர்கள் விழாக் கமிட்டியில் தங்கள் பெயர் பங்காளி பெயருக்கு மேலே இருக்கிறதா, கீழே இருக்கிறதா என்று பார்ப்பார்கள். இன்டர்லூடு அண்ணாச்சி இதையெல்லாம் தாண்டிக்கொண்டு நேராக அடிவரிக்குப் போவார்: 'இரவு 9 மணிக்கு மாபெரும் இன்னிசைக் கச்சேரி.' குழுவின் பெயரைப் படித்ததும் அவர் முகத்தைப் பார்த்தால் போதும். மலர்ந்தால் அந்தக் குழுவில் நிஜமான புல்லாங்குழல் இருக்கிறது என்று அர்த்தம். சுளித்தால் குழல், வயலின், நாதஸ்வரம் மூன்றையும் ஒரே கீபோர்டில் அமுக்கி எடுக்கிற கோஷ்டி.

இந்த ரகத்து மனிதர் கோயில் திருவிழா நடக்கிற ஒவ்வொரு வட்டாரத்திலும் ஒருவராவது இருப்பார். ராஜபாளையத்துக்காரர் நூல் மில்லில் ஷிப்ட் பார்ப்பார், வெம்பக்கோட்டைக்காரர் பட்டாசு ஆலையில் கணக்கு எழுதுவார். ஆலங்குளத்துக்காரருக்குத் தினமும் பஸ் ஏறிப் போய் சிவகாசி அச்சகத்தில் ஆஃப்செட் மிஷின் ஓட்டுகிற வேலை. ஆடி 18 அன்று காலண்டர் ஆல்பத்துக்குப் பூஜை போட்டுவிட்டால் மார்கழி வரை அங்கே மூச்சுவிட நேரமிருக்காது. பங்குனி, சித்திரை, வைகாசி மூன்றும்தான் அண்ணாச்சிக்கு சீசன். நோட்டீஸ் சுவருக்கு வருவதற்கு முன்பே அவர் கைக்கு வந்துவிடுவதால், எந்த ஊரில் எந்தத் தேதியில் யார் கச்சேரி என்பது அவருக்கு மனப்பாடம். மிஷின் இரைச்சலுக்குச் சுருதி ரெண்டரைக் கட்டை என்பது அவருடைய கண்டுபிடிப்பு. புது மிஷின் வந்து இரைச்சல் அரைக்கட்டை இறங்கியபோது முதலாளிக்கு ஏக சந்தோஷம். அண்ணாச்சிதான் ரெண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

அவர் கைபட்டு வரும் நோட்டீஸில் மட்டும் 'ஆலங்குளம் (விருதுநகர் மாவட்டம்)' என்று அடைப்புக்குறி தவறாமல் இருக்கும். காரணம் உண்டு. தென்காசிப் பக்கம் இன்னொரு ஆலங்குளம் இருக்கிறது, நம்மைவிடப் பெரிய ஊர். நம்முடையது 1970-ல் அரசு சிமெண்ட் ஆலை ஓடத் தொடங்கிய ஆலங்குளம். ஒரு வருஷம் பாடகியை ஏற்றிக்கொண்டு வந்த கார் அந்த ஆலங்குளத்துக்குப் போய், பஸ் ஸ்டாண்டில் நின்று 'மேடை எங்கே' என்று விசாரித்ததாக இங்கே ஒரு கதை சொல்வார்கள். கமிட்டிக்காரர்கள் தலையில் கைவைத்து உட்கார்ந்திருக்க, அண்ணாச்சி மட்டும் நிம்மதியாக இருந்தாராம். "பாடுற பிள்ள வராட்டா என்னய்யா? ட்ரம்ஸ் வந்திருச்சுல்ல?"

அந்த ஒரு வாக்கியத்தில் முழு மனிதரும் இருக்கிறார். நாம் பாட்டு என்று சொல்வது அவருக்குப் பாட்டு இல்லை. பல்லவி முடிந்து சரணம் தொடங்குவதற்குள் வாத்தியங்கள் தனியாகப் பேசிக்கொள்கிற அரை நிமிஷம்தான் பாட்டு. முன்னாலும் பின்னாலும் வாயசைப்பவர்கள் அந்த அரை நிமிஷத்துக்கு இடம்விட்டு ஒதுங்கி நிற்கிறார்கள், அவ்வளவுதான். 1976-ல் இளையராஜாவின் 'அன்னக்கிளி' வந்தபோது அவர் தொட்டிலில் கிடந்தார். அதனால் தொட்டில் ஆடிய வேகம் அந்தப் படத்துத் தாளத்தில்தான் இருந்திருக்கும் என்று உறுதியாக நம்புகிறார்.

ஊரில் மற்றவர்களுக்கு எஸ்.பி.பி., ஜேசுதாஸ், ஜானகி, சித்ரா தெரியும். அண்ணாச்சி சொல்கிற பெயர்களே வேறு. குழல் நெப்போலியன், அவரேதான் அருண்மொழி என்ற பெயரில் பாடியவரும். ட்ரம்ஸ் புருஷோத்தமன். பேஸ் கிடார் சசிதரன். கிடார் சதானந்தம். கீபோர்டு விஜி மேனுவல். வயலின் வி.எஸ். நரசிம்மன், 1986-ல் வந்த 'ஹவ் டு நேம் இட்' தொகுப்பில் தனி வயலின் அவருடையது. இவர்களையெல்லாம் சொந்தக்காரர்கள் மாதிரி பேசுவார். பக்கத்துத் தெருவில் வயலின் என்ற பெயரில் ஒருவர் இருக்கிறாரோ என்று வெளியூர் மருமகப்பிள்ளை ஒருவர் குழம்பிப்போனதும் உண்டு.

கச்சேரிக்குப் போனால் மேடைக்கு எதிரே உட்கார மாட்டார். அங்கே குழந்தைகளும் மணல் குவியலும் பாயும்தான். மைக்செட்காரர் மிக்சரை வைத்திருக்கும் இடம் தேடிப் போய், அவர் தோளுக்குப் பின்னால் நிற்பார். சரியான சத்தம் அங்கேதான் கேட்கும் என்பது சித்தாந்தம். மைக்செட்காரருக்கு முதுகு கூசும். 'பேஸைக் கொஞ்சம் ஏத்துங்க தம்பி' என்று ஆரம்பித்து, அரைமணி நேரத்தில் எந்தக் குமிழை எந்தப் பக்கம் திருக வேண்டும் என்று விரலால் காட்டுகிற நிலைக்கு வந்துவிடுவார். எரிச்சலில் அந்தப் பையன் மொத்தச் சத்தத்தையும் ஏற்றிவிட்டால் அண்ணாச்சி சிவகாசிக்காரராகிவிடுவார். "ஒத்த வெடிக்கு நாலு மீட்டர் தூரத்துல 125 டெசிபல்தான்னு எங்க ஊருக்குச் சட்டம் போட்டு வச்சிருக்கான். ஒன் பாக்ஸுக்கு எவன் போட்டான்?"

சட்டம் அதற்கும் இருக்கிறது. 2000-ம் வருஷத்து ஒலி மாசு விதிகளின்படி ராத்திரி 10 மணியிலிருந்து காலை 6 மணி வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது. திருவிழா மாதிரியான சமயங்களில் மாநில அரசு மனசு வைத்தால் வருஷத்தில் 15 நாளுக்கு மிகாமல் நள்ளிரவு 12 வரை தளர்த்தலாம். அண்ணாச்சிக்கு இது நன்றாகத் தெரியும். தெரிந்ததனால்தான், ஒன்பது மணிக் கச்சேரியை ஒன்பதே முக்காலுக்குச் சாமி பாட்டோடு ஆரம்பிக்கிற கமிட்டிகளைப் பார்த்தால் அவருக்கு ரத்தம் கொதிக்கிறது. சப்-இன்ஸ்பெக்டர் வண்டி வந்து நிற்பதற்குள் நல்ல பாட்டு நாலாவது கேட்டுவிட வேண்டாமா?

கையில் எப்போதும் சாத்தூர் காராச்சேவுப் பொட்டலம் ஒன்று இருக்கும். அதைத் தின்பதற்கும் ஒரு முறை வைத்திருக்கிறார். பல்லவியிலும் சரணத்திலும் கடிப்பார். இன்டர்லூடு வந்ததும் வாயில் இருப்பது இருந்தபடி நின்றுவிடும். கடிக்கிற சத்தம் பேஸ் கிடாரை மறைத்துவிடுமாம். கன்னம் புடைத்தபடி, கண் மூடி, இடது கையால் காற்றில் கிடார் நரம்பைப் பிடித்துக்கொண்டு அவர் நிற்பதைப் பார்த்து, சேவு விக்கிக்கொண்டதோ என்று தண்ணீர் கொண்டு ஓடிவந்தவர்கள் உண்டு.

அவருடைய ஜென்ம விரோதி மைனஸ் ட்ராக். இப்போது பல குழுக்கள் வாத்தியக்காரர்களுக்குச் சம்பளம் கட்டுப்படியாகாமல், பின்னணி இசையைப் பென் டிரைவில் ஓடவிட்டு மேலே பாட மட்டும் செய்கிறார்கள். கீபோர்டுக்காரர் கட்டையைத் தொடாமல் தடவிக்கொடுப்பார். ட்ரம்ஸ்காரர் குச்சியை ஓங்குவார், அடி விழுந்ததோ இல்லையோ சத்தம் வந்துவிடும். கூட்டத்துக்கு இது தெரியாது, தெரிந்தாலும் கவலையில்லை. அண்ணாச்சி மேடையில் தலை எண்ணுவார். குழல் சத்தம் வருகிறது, குழல்காரர் இல்லை. ஆறு வயலின் கேட்கிறது, ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை. ஒருமுறை ட்ரம்ஸ்காரர் கீழே விழுந்த துண்டை எடுக்கக் குனிந்தபோதும் தாளம் தப்பாமல் ஓடியது. அப்போது அண்ணாச்சி மைக்செட்காரர் காதில் விழும்படி சொன்னது: "அருமையான கலைஞன்யா. துண்டை எடுத்துக்கிட்டே வாசிக்கான்."

ஆக்டோபேடு என்றாலும் அவருக்கு ஒவ்வாது. ஜப்பானின் ரோலண்ட் கம்பெனி 1985-ல் அதைக் கொண்டுவந்தது. எட்டுக் கட்டம் உள்ள ஒரு பலகைக்குள் தபேலா, டோலக், காங்கோ எல்லாம் அடங்கிவிட்டன. அதனால் எத்தனை டோலக்காரர் டீக்கடை போட்டார்கள் என்று அவர் ஒரு கணக்கு வைத்திருக்கிறார். 'புன்னகை மன்ன'னுக்கு ராஜாவே 1986-ல் கம்ப்யூட்டரைத் தொட்டாரே என்று மடக்கினால் ஒரு கணம் யோசிப்பார். "அவரு கம்ப்யூட்டருக்கு வாசிக்கக் கத்துக்குடுத்தாரு. இவனுக கம்ப்யூட்டரை வாசிக்கச் சொல்லிட்டு டீ குடிக்கானுக."

இந்தக் கிறுக்கு அவரோடு ஆரம்பித்ததும் அல்ல. அவர் அப்பா நாகஸ்வரப் பைத்தியம். கோவில்பட்டியில் வாழ்ந்த காருகுறிச்சி அருணாசலம் வாசிக்கிறார் என்றால், கல்யாண வீடு யாருடையது என்றுகூடக் கேட்காமல் போய்ப் பந்தலில் உட்கார்ந்துவிடுவாராம். 1962-ல் 'கொஞ்சும் சலங்கை' வந்தது. அதில் காருகுறிச்சியின் நாகஸ்வரத்துக்கு ஈடுகொடுத்துப் பாடிய எஸ். ஜானகியை நாடே கொண்டாடியபோது, அப்பாவின் அபிப்பிராயம் இது: "பிள்ள நல்லாத்தான் பாடுது. ஆனா குறுக்க குறுக்க வருதே."

தாத்தாவின் காலம் ஸ்பெஷல் நாடகம். சிவகாசியில் பிறந்த விசுவநாததாஸ், முருகன் வேஷத்தில் தேசியப் பாட்டுப் பாடியே பலமுறை சிறைக்குப் போனவர். 1940-ல் சென்னையில் 'வள்ளி திருமணம்' நடந்துகொண்டிருந்தபோது, மயில்மேல் அமர்ந்த கோலத்தில் மேடையிலேயே உயிர்விட்டார். சேதி வந்ததும் ஊரே அழுதது. தாத்தாவும் அழுதார். அழுது முடித்து, மூக்கைச் சிந்திவிட்டு, அன்றைக்கு ஆர்மோனியம் யார் என்று விசாரித்தாராம். அண்ணாச்சி இதைச் சொல்லும்போது குரலில் ஒரு குலப்பெருமை இருக்கும்.

வீட்டில் மதினி நல்லவர். ராத்திரி ஒன்றரை மணிக்குக் கதவைத் திறந்து, காலில் ஒட்டிய புழுதியைப் பார்த்து, வருஷக்கணக்காக ஒரே கேள்விதான் கேட்கிறார்: "பாட்டு நல்லா இருந்துச்சா?" அண்ணாச்சிக்குப் பதில் தெரியாத ஒரே கேள்வி இதுதான். ரெண்டாவது இன்டர்லூடில் கவுண்டர் மெலடி தப்பியது தெரியும். பாடகருக்கு எட்டாது என்று அரைக்கட்டை இறக்கி வாசித்ததும் தெரியும். பாட்டு நன்றாக இருந்ததா என்று கேட்டால்? விழிப்பார். மதினி விளக்கை அணைத்துவிடுவார்.

2025 மார்ச் 8 அன்று லண்டன் அப்பல்லோ அரங்கில் ராயல் ஃபில்ஹார்மோனிக் குழு இளையராஜாவின் 'வேலியண்ட்' சிம்பொனியை வாசித்தது. அதற்கு முன்னால் ஒரு வாரம் அண்ணாச்சி தரையில் நடக்கவில்லை. பன்னைப்புரத்திலிருந்து லண்டன் எத்தனை மைல் என்று மிஷின் ஓட்டுகிற பையன்களுக்கெல்லாம் வகுப்பு எடுத்தார். முதலாளி அவரிடம் சிம்பொனி என்றால் என்ன என்று கேட்டாராம். "முழுக்க முழுக்க இன்டர்லூடு முதலாளி. இடையில பாட்டே கெடையாது" என்றார். சொர்க்கத்தை இதைவிடச் சுருக்கமாக யாரும் சொன்னதில்லை.

அந்த வருஷப் பங்குனியில் நடந்ததைச் சொல்லாவிட்டால் இந்தச் சித்திரம் முழுமையாகாது. பக்கத்து ஊர்ப் பொங்கல். பென் டிரைவ் இல்லை, நிஜமான ட்ரம்ஸ், நிஜமான குழல், ஓரத்தில் இருட்டில் பேஸ் கிடாரோடு மீசை அரும்பாத பையன் ஒருவன். 'தளபதி' பாட்டு ஒன்றில் அந்தப் பையன் ஒரு சுரம் பிசகவில்லை. அண்ணாச்சிக்குச் சேவு தொண்டையில் இறங்கவில்லை. ஆனால் இன்டர்லூடு வந்த நேரம் பார்த்து அறிவிப்பாளர் மைக்கைப் பிடித்து, பாடகருக்கு 101 ரூபாய், பாடகிக்கு 201 ரூபாய் என்று அன்பளிப்புச் சீட்டுகளை வாசிக்கத் தொடங்கிவிட்டார். மாப்பிள்ளை, மைத்துனர், சிங்கப்பூர் மச்சான் எல்லாரும் வந்துபோனார்கள். குழல் அவர்கள் காலடியில் நசுங்கியது.

அன்றைக்குத்தான் அண்ணாச்சி வாழ்க்கையில் முதன்முதலாக அன்பளிப்பு கொடுக்கத் துணிந்தார். சிகரெட் அட்டையைக் கிழித்து 'பேஸ் கிடாருக்கு ரூ. 501' என்று எழுதி, பணத்தைச் சுற்றி, இன்டர்லூடில் வாசிக்கக் கூடாது, சரணத்தில்தான் வாசிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு மேடைக்கு அனுப்பினார். அறிவிப்பாளர் சீட்டை விளக்கு வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பாடாதவனுக்கு ஐந்நூறா? கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, கம்பீரமாக அறிவித்தார்: "ஆலங்குளம் அண்ணாச்சி அவர்கள், நமது அன்புத் தம்பி பாஸ்கருக்கு 501 ரூபாய் அன்பளிப்பு!"

பாஸ்கர் என்று ஒருவர் மேடையில் இருந்தார். ஓரத்தில் நின்று சலங்கைக் கட்டையைக் குலுக்குகிறவர். இத்தனை வருஷத்தில் தனக்கென்று ஒரு ரூபாய்கூட வந்து பார்க்காதவர். கண்கலங்கி, கூட்டத்தைப் பார்த்துப் பெரிய கும்பிடு போட்டு, பணத்தை வாங்கி உள்பாக்கெட்டில் வைத்தார். பேஸ் கிடார் பையன் கையைத் தட்டினான்.

மிக்சர் பக்கத்தில் நின்ற எல்லாரும் அண்ணாச்சியைத் திரும்பிப் பார்த்தார்கள். போய்ச் சொல்லிப் பணத்தை மாற்றிக் கொடுக்கச் சொல்லுங்கள் என்று மைக்செட்காரரே சொன்னார். அண்ணாச்சி கையை ஆட்டி அவரை அடக்கினார். அடுத்த பாட்டு ஆரம்பித்திருந்தது. பாஸ்கர் தம்பி அன்பளிப்பின் உற்சாகத்தில் முன்பைவிட ஓங்கிக் குலுக்கிக்கொண்டிருந்தார். அண்ணாச்சி கண்ணை மூடி நாலு தாளக்கட்டு கேட்டார்.

"டெம்போவை ஏத்துறான் பாருங்க தம்பி," என்றார். "501 ரூவா ஜாஸ்திதான்."