வழி சொல்லும் குரலும் அதன் பாத்தியதையும்: ஓர் ஆராய்ச்சி

வழிகாட்டிச் செயலியில் தனக்குப் பிடித்த குரலை வைத்துக்கொள்வது நேற்று வந்த நாகரிகம் என்று நினைப்பவர்கள் பத்துப்பாட்டைப் புரட்டாதவர்கள். அந்தப் பத்தில் ஐந்து ஆற்றுப்படை. பரிசு வாங்கிக்கொண்டு திரும்பும் கலைஞர், எதிரே பசியோடு வரும் கலைஞரை மறித்து, இன்ன வள்ளலிடம் இன்ன வழியாகப் போ என்பதுதான் அமைப்பு. (முருகனிடம் அனுப்பும் திருமுருகாற்றுப்படை தனி ரகம், அதை இந்த ஆய்வு தொடாது.) கூத்தர், பாணர், பொருநர், விறலியர் எனத் தொல்காப்பியம் நான்கு கூட்டத்தாரைச் சொல்கிறது. பாணனுக்குப் பாணன் குரல், பொருநனுக்குப் பொருநன் குரல். பயனாளருக்கு ஏற்ற குரல் அன்றே பொருத்தப்பட்டுவிட்டது.

சேவையின் தரமும் லேசானதல்ல. நன்னனின் நாட்டுக்கு வழி சொல்லும் மலைபடுகடாம் 583 அடி. தினைப்புனத்தில் பன்றிக்கு வைத்த பொறி எங்கே இருக்கும், காவல்காரன் கவணில் எறியும் கல் எப்படி வந்து விழும், பாம்பு கிடக்கும் இடத்தில் என்ன செய்யவேண்டும் என்று எச்சரிக்கை மேல் எச்சரிக்கை. சிறுபாணாற்றுப்படையோ சாப்பாட்டை விடுவதில்லை: எயிற்பட்டினத்தில் சுட்ட குழல்மீன், வேலூரில் புளியிட்ட சோறு, ஆமூரில் நண்டு. அந்த வேலூர் இன்றைய வேலூர் அல்ல என்பதை அறியாமல் கிளம்புகிறவர் பசியோடு திரும்புவார்.

இவற்றிலிருந்து இக்கட்டுரை ஒரு துணிபுக்கு வருகிறது: வழி சொல்ல ஒரு குரலுக்குப் பாத்தியதை வருவது, அது அந்த வழியில் நடந்து வந்ததால்தான். இந்தத் துணிபை இன்றைய செயலிகள் மேல் வைத்துப் பார்த்தால் நிலைமை மோசம்.

ஆஸ்திரேலியாவின் மக்காய் ஊரில் பிறந்த பாடகி கேரன் ஜேக்கப்சனின் குரலை 2002ல் அமெரிக்காவில் பதிவு செய்தார்கள். அது பல நாட்டுக் கார்களில் ஏறி, எண்ணற்ற பேரை இடமும் வலமும் திருப்பியது. அத்தனை சாலைகளுக்கும் அந்த அம்மையார் போனதில்லை என்று சொல்ல ஆதாரம் தேவையில்லை. போனதில்லை என்பதற்காக யாரும் கோபித்துக்கொள்ளவும் இல்லை. ஜெர்மனியில் கோபம் வேறு காரணத்துக்காக வந்தது. பிஎம்டபிள்யூ கார் ஒன்றில் பெண் குரல் வழி சொல்ல, ஆண் ஓட்டுநர்கள் முறையிட்டு அதை மாற்ற வைத்த கதையை ஸ்டான்ஃபோர்டு பேராசிரியர் கிளிஃபர்ட் நாஸ் சொல்லியிருக்கிறார். தமிழ்நாட்டு ஆண்கள் அவ்வளவு கடுமை இல்லை. பெண் சொன்னாலும் ஆண் சொன்னாலும் கேட்டுவிட்டு, டீக்கடையில் இன்னொரு தரம் விசாரிப்பார்கள்.

பிறகு பிரபலங்கள் வந்தார்கள். டாம்டாம் வழிகாட்டிக் கருவிக்குள் 2009ல் கார்ட்டூன் நாயகன் ஹோமர் சிம்ப்சன் வந்து உட்கார்ந்தார். அதே ஆண்டு பாடகர் பாப் டிலன், கார் நிறுவனங்கள் தம்மிடம் பேசிக்கொண்டிருப்பதாக வானொலியில் அறிவித்து, ஒரு மாதிரியும் காட்டினார்: இடப்பக்கம் திரும்பு, இல்லை வலப்பக்கம், சரி விடு, நேராகவே போ. இந்த மரபு நம் ஊர் மாமாக்களிடம் எப்போதிருந்து இருக்கிறது என்பதை வேறொரு கட்டுரையில்தான் நிறுவ வேண்டும்.

ஆனால் உண்மையான புரட்சி 2017ல் நடந்தது. இஸ்ரேலில் பிறந்து கூகுளின் கைக்குப் போன வேஸ் செயலி, உங்கள் குரலை நீங்களே பதிந்துகொள்ளலாம் என்றது. ஒவ்வொரு கட்டளைக்கும் ஒரு கட்டம், கட்டத்துக்குச் சில நொடி. உள்ளே என்ன சொல்கிறோம் என்று யாரும் சோதிப்பதில்லை. இதற்கடுத்த ஆண்டு கூகுள் மேப்ஸ் தமிழிலும் வழி சொல்லத் தொடங்கியது. ஆனால் அந்தத் தமிழ் தாலுகா ஆபீஸ் அறிவிப்புப் பலகைக்கு வாய் முளைத்ததுபோல் இருக்கிறது. வலதுபுறம் திரும்பவும், இடதுபுறம் திரும்பவும். யாரிடம் சொல்கிறது? மாப்பிள்ளையிடமா, மகனிடமா, அதிகாரியிடமா? முறை வைத்துக் கூப்பிடாத குரலுக்கு நம்மவர் எதற்குத் திரும்பவேண்டும்?

அஃதேல், அப்பத்தாவின் குரலைப் பதிந்துகொண்டால் தீருமே எனின், தீராது. "ஏலே, சோத்தாங்கைப் பக்கம் திரும்புலே" என்பது வரை சரி. இருநூறு மீட்டருக்கான கட்டத்தில் "கூப்பிடு தூரந்தான்" என்று பதியலாம். அதிலும் குற்றமில்லை. சிக்கல் அடையாளத்தில் வருகிறது. "அந்த வேப்பமரத்துக்கிட்ட திரும்பு" என்று அப்பத்தா ஒரு தடவை சொல்லிவிட்டால், அந்த வேப்பமரம் மதுரையிலும் நிற்கும், மவுண்ட் ரோட்டிலும் நிற்கும், மேம்பாலத்தின் நட்டநடுவிலும் நிற்கும். பதிந்த குரல் தெருப்பெயர் சொல்லாது; இயந்திரக் குரல்தான் சொல்லும். ஆகவே தெருப்பெயர் வேண்டுமென்றால் ஆளை விடவேண்டும், ஆள் வேண்டுமென்றால் தெருவை விடவேண்டும். ஆற்றுப்படைப் பாணனிடம் இரண்டும் இருந்தன. எதிரே வந்தவனுக்குத்தான் வண்டி இல்லை.

இன்னொரு நுட்பம்: பதிவின்போது இருந்த மனநிலை நிரந்தரமாகிவிடும். சிரித்துக்கொண்டே "யூ-டர்ன் போடு" என்று பதிந்த அக்காள் மகள், நீங்கள் இறுதி ஊர்வலத்துக்குப் பின்னால் போகும்போதும் சிரிப்பாள். உறவுக்காரரின் குரல் என்பதால் எதிர்வாதமும் வரும். அந்நியக் குரல் தப்பு வழி காட்டினால் முணுமுணுப்போடு போய்விடுகிறவர், மைத்துனர் குரல் சரியான வழி காட்டினாலும், "இவனுக்கு என்ன தெரியும்" என்று நேராகப் போய் முட்டுச்சந்தில் நிற்பார்.

நடந்த வழியைச் சொல்கிற குரலே வேண்டும் என்ற துணிபின்படி, ஊரெல்லாம் சுற்றிய சித்தப்பா ஒருவரைப் பரிசோதனைக்கு எடுத்துக்கொண்டோம். கட்டத்துக்குச் சில நொடிதான் என்பதை அவரிடம் விளக்கியும் பயனில்லை. "லெஃப்ட்ல திரும்புப்பா, முன்னெல்லாம் இந்த எடத்துல ஒரு பெரிய" என்பதோடு பதிவு வெட்டுப்பட்டது. மறுபடி பதிய அவர் சம்மதிக்கவில்லை. சொன்னது சொன்னதுதான் என்கிறார். இப்போது ஒவ்வொரு இடதுபக்கத் திருப்பத்திலும் அது ஒலிக்கிறது. பெரிய கிணறு என்கிறார் ஒருவர், ரைஸ் மில் என்கிறார் இன்னொருவர், சினிமாக் கொட்டகையாகத்தான் இருக்கவேண்டும் என்று பின் சீட்டிலிருந்து ஒரு குரல். முடிவாவதற்குள் அடுத்த லெஃப்ட் வந்துவிடுகிறது.