இலையை நம்பியவர்

என் சித்தப்பா நம்பாத ஒரு பொருளும் உலகத்தில் உண்டு என்பது சென்ற ஆண்டுதான் எனக்குத் தெரிந்தது. அதுவரை அவர் எதையும் நம்பக்கூடியவர். தேக்கங்கன்றுக்குப் பணம் கட்டினால் இருபது வருடத்தில் லட்சாதிபதி என்றார்கள், நம்பினார். ஈமு கோழி வந்தது, அதையும் நம்பினார். 1996இல் நாட்டில் பாதிப் பேரோடு சேர்ந்து மூலிகைப் பெட்ரோலை நம்பினார். அப்பேர்ப்பட்டவர் நம்ப மறுப்பது என் மகள் வாங்கி, தினமும் வேலைக்கு ஓட்டிப் போய்த் திரும்பிவரும் மின்சாரக் காரை.

மூலிகைப் பெட்ரோலை நம்புவதில் எங்களுக்குக் கூடுதல் உரிமை இருந்தது. அதைக் கண்டுபிடித்ததாகச் சொன்ன ராமர் பிள்ளை ராஜபாளையம் பக்கத்துக்காரர், நாங்கள் ராஜபாளையம். உலகத்தை மாற்றப்போகிறவன் ஒருத்தன் நம்ம பஸ் ஸ்டாண்டில்தான் டீ குடித்திருப்பான் என்றால் யாருக்குத்தான் சந்தேகம் வரும்? செய்முறையும் எல்லாருக்கும் மனப்பாடம். பாத்திரத்தில் தண்ணீர், அதில் இலை, உப்பு, எலுமிச்சை, இன்னும் ஏதோ ஒன்றிரண்டு. காய்ச்சி, கலக்கி, ஆறவிட்டால் மேலே மிதப்பது பெட்ரோல். ரசம் வைப்பதைவிடச் சுலபம்.

டீக்கடையில் அப்போது நடந்த விவாதத்தில் இரண்டு கட்சி இருந்ததாக நினைக்கவேண்டாம். நம்புகிறவர்களுக்குள்ளேதான் சண்டை. அரபு நாட்டுக்காரன் இனி என்ன செய்வான் என்று ஒருவர் கவலைப்பட்டார். அமெரிக்காக்காரன் ஆளைத் தூக்கிக்கொண்டு போய்விடுவான் என்று இன்னொருவர். சித்தப்பா காரியவாதி. ஊருக்கு மேற்கே இருந்த தரிசு நிலத்துக்கு வேலி போட்டார். எந்த இலை என்பது பரம ரகசியமாக இருந்ததால் வேலிக்குள்ளே முளைத்ததையெல்லாம் பிடுங்காமல் விட்டுவைத்தார். ஆடு வந்து தின்றபோது வருங்கால எரிபொருளைத் தின்றுவிட்டதாக ஆட்டுக்காரரோடு சண்டைக்குப் போனார்.

எதிர்த்துப் பேசியவர் ஒரே ஒருத்தர், ஓய்வுபெற்ற வேதியியல் வாத்தியார். அவர் கேட்டதும் ஒரே கேள்விதான்: "தண்ணியில ஹைட்ரஜன் இருக்கு, இலையில கார்பன் இருக்கு, சரி. அதைப் பிரிச்சு மறுபடி சேர்க்கச் சக்தி வேணுமே வே, அது எங்கேருந்து வருது?" கடை முழுக்க அவர்மேல் பாய்ந்தது. தமிழனைத் தமிழனே நம்பமாட்டான் என்று சித்தப்பா சொன்னதும் அவர் பாதி டீயை வைத்துவிட்டு எழுந்து போனார். கலக்குகிற குச்சிக்குள் எரிபொருளை வைத்து மெழுகால் அடைத்திருந்தது என்று பிறகு விஞ்ஞானிகள் சொன்னார்கள். 2000இல் ராமர் பிள்ளையை சிபிஐ கைது செய்தது. 2016இல் சென்னை நீதிமன்றம் மூன்றாண்டுச் சிறை விதித்தது. சித்தப்பா மூன்று செய்திக்கும் ஒரே பதில்தான் வைத்திருந்தார்: "சதி."

எரிபொருள் பற்றி அந்தக் காலத்து ஆட்களுக்கு அவ்வளவு பிரேமை ஏன் என்பதையும் சொல்லவேண்டும். பெட்ரோல் பங்குக்குப் போய் டாங்கை நிரப்பிய மனிதரை நான் சிறுவயதில் பார்த்ததில்லை. அரை லிட்டர், ஒரு லிட்டர். சித்தப்பாவின் ஸ்கூட்டர் பாதி வழியில் நிற்கும்; ரிசர்வுக்குத் திருகுவார்; மறுபடி நிற்கும்; அப்புறம் வண்டியையே ஒரு பக்கமாகச் சாய்த்து, டாங்கின் மூலையில் ஒளிந்திருக்கும் கடைசிச் சொட்டுகளைக் கார்புரேட்டருக்கு அனுப்பி, உதைத்து, வீடு வந்து சேர்வார். பின்னால் உட்கார்ந்திருக்கும் சித்தி இறங்கி நின்று மறுபடி ஏறுவது பயணத்தின் ஓர் அங்கம். 1980இல் ஓசூரிலிருந்து டிவிஎஸ் 50 வந்தபோது அதில் பெடல் இருந்ததுதான் பெரிய பேச்சு. பெட்ரோல் தீர்ந்தால் மிதித்துக்கொண்டே வந்துவிடலாம். வண்டி வாங்கும்போதே அது நிற்கும் என்று ஒப்புக்கொண்டு வாங்கிய தலைமுறை.

இன்று அதே ஓசூரில் பெடலும் இல்லாத, டாங்கும் இல்லாத ஸ்கூட்டர்கள் தயாராகின்றன. சித்தப்பா முதலில் கேட்கிற கேள்வி: "நடுவழியில நின்னுட்டா?"

கேட்ட இடம் இன்னும் விசேஷம். பொதிகை எக்ஸ்பிரசில் வந்து தாம்பரத்தில் இறங்கியவரை மகள் காரில் அழைத்துவரப் போயிருந்தாள். கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, ஏறாமல் நின்று, கரண்டுல ஓடுற வண்டி எம்மா தூரம் ஓடிரும் என்றார். விருதுநகர்–செங்கோட்டைத் தடம் மின்மயமாகிவிட்டது. ராத்திரி முழுக்க ஐந்நூறு கிலோமீட்டருக்கு மேல் கரண்டில் தூங்கிக்கொண்டு வந்தவர் மேடவாக்கத்தில் எங்கள் வீடுவரை வர யோசித்தார். "சின்னத் தாத்தா, இப்ப நீங்க எதுல வந்தீங்க?" என்றாள் மகள். "அதுக்கு மேல கம்பி போகுதும்மா" என்றார். நியாயமான பதில்தான். கம்பியிலிருந்து கழற்றிக்கொண்டு ஓடுவதில்தான் இத்தனை வருடமும் சிக்கல்.

மகளுக்கு வரலாறு பிடிக்கும், அவருக்கு வாதம் பிடிக்கும். வீடு வருவதற்குள் இருவரும் 1895க்குப் போய்விட்டார்கள். மெட்ராசில் மின்சார டிராம் அந்த ஆண்டே ஓடத் தொடங்கியது. இந்தியாவிலேயே முதல் மின்சார டிராம். 1931இல் பீச்–தாம்பரம் மின்சார ரயில். அமெரிக்காவில் 1900 வாக்கில் ஓடிய கார்களில் ஏறக்குறைய மூன்றில் ஒன்று பேட்டரிக் கார். பெட்ரோல் காரை ஊருக்கெல்லாம் விற்ற ஹென்றி ஃபோர்டின் மனைவி கிளாரா ஓட்டியது டெட்ராய்ட் எலெக்ட்ரிக். கைப்பிடியைச் சுழற்றிப் பெட்ரோல் காரைக் கிளப்பக் கையில் பலம் வேண்டும். மின்சாரக் காருக்கு வேண்டியதில்லை. 1912இல் காடிலாக் காரில் செல்ஃப் ஸ்டார்ட்டர் வந்தது. அதுவும் ஒரு மின்மோட்டார்தான். அதுவே மின்சாரக் காரை ஒழித்துக்கட்டுவதில் பெரிய பங்கு வகித்தது என்று மகள் சொன்னாள். சித்தப்பா எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அந்த டிராம் இப்ப எங்கம்மா?" என்றார். 1953இல் மூடிவிட்டார்கள், கம்பெனி நொடித்துப் போனது. "மூடிட்டாம்லா" என்று வழக்கை முடித்துக்கொண்டார். 2025இல் வியாசர்பாடி பணிமனையிலிருந்து மின்சாரப் பேருந்துகளைக் கிளப்பியிருக்கிறார்கள் என்று அவள் ஆரம்பித்தபோது அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

மறுநாள் காலை அவர் கேட்ட கேள்விதான் என்னைத் தூக்கிவாரிப்போட்டது. செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டு, "வண்டி புகை விடாது, சரி. இந்தக் கரண்டு எங்கேருந்து வருது?" என்றார். அச்சு அசல் வாத்தியாரின் கேள்வி. டீக்கடையில் அவரை எழுந்து போகவைத்த அதே கேள்வி, முப்பது வருடம் கழித்து, அவரை விரட்டியவர் வாயிலிருந்தே.

கேட்ட காரணம் எதுவானாலும் கேள்வி சரியானது. வண்டி விற்கிறவர்கள் அதற்கு முழுப் பதில் சொல்வதில்லை. பின்பக்கத்தில் பச்சை இலை ஒன்றை ஒட்டி அனுப்பிவிடுகிறார்கள். (இலைக்கு நம்மிடையே உள்ள மவுசு குறையவே இல்லை.) பகல் பன்னிரண்டு மணிக்குக் காரைச் செருகினால் அதில் கமுதியின் வெயில் கொஞ்சம் இருக்கலாம், 2016இல் அங்கே 648 மெகாவாட் சூரிய மின்நிலையம் வந்தது. ஆடி மாதத்தில் செருகினால் ஆரல்வாய்மொழி, செங்கோட்டைக் கணவாய்களின் காற்று இருக்கும். ஆனால் மகள் செருகுவது வேலை முடிந்து வந்து, இரவு எட்டு மணிக்கு. அப்போது வெயில் இல்லை. பெரும்பங்கு எண்ணூர்ப் பக்கமோ மேட்டூரிலோ தூத்துக்குடியிலோ எரிகிற நிலக்கரி. எங்கள் தெருவில் புகை இல்லை என்றால் அது எண்ணூரில் சாம்பலாகக் கொசஸ்தலையாற்றின் கழிமுகத்தில் கிடக்கிறது.

மகளிடம் இதற்கும் கணக்கு உண்டு. பெட்ரோலில் உள்ள சக்தியில் கால் பங்கு, மிஞ்சினால் மூன்றில் ஒரு பங்குதான் சக்கரத்துக்குப் போகிறது, மிச்சமெல்லாம் சூடு. பேட்டரியில் ஏறிய மின்சாரத்தில் ஐந்தில் நான்கு பங்காவது சக்கரத்தைச் சுற்றுகிறது. நிலக்கரியை மின்நிலையத்தில் எரிப்பதில் வீணாவதைச் சேர்த்தாலும் பெட்ரோல் கார் பெரிதாக ஜெயித்துவிடாது. மின்தொகுப்பில் காற்றும் வெயிலும் கூடக்கூட இதே கார் வருடா வருடம் சுத்தமாகும், பெட்ரோல் கார் பழசாக ஆக அழுக்காகும். எனக்கு இது சரியாகப் பட்டது. சித்தப்பாவுக்குக் காற்றைப் பற்றி வேறு நினைவுகள் இருந்தன.

2012ஐ அவர் மறக்கவில்லை. சென்னையில் இரண்டு மணி நேரம் மின்வெட்டு என்றால் எங்கள் பக்கம் பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல். சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி நெய்யும் தறிகள் எப்போது ஓடும் எப்போது நிற்கும் என்று யாருக்கும் தெரியாது. தெற்கே போனால் வழியெல்லாம் காத்தாடிகள் நிற்கும். பல நூற்பாலைகள் வருமானவரித் தேய்மானச் சலுகைக்காகவே அந்தக் காத்தாடிகளை நட்டவை. அதில் வேடிக்கை, நல்ல காற்று அடிக்கும் மாதத்தில் சிலவற்றை நிறுத்திவைக்கச் சொன்னார்கள், ஏனென்றால் வரும் மின்சாரத்தைக் கொண்டுபோகக் கம்பி போதவில்லை. அப்போது கூடங்குளம் அணுஉலை விவாதம் உச்சத்தில் இருந்தது. இடிந்தகரைப் பந்தலில் மீனவக் குடும்பங்கள் உட்கார்ந்திருந்தன. சித்தப்பாவின் அணுசக்திக் கொள்கை தெளிவானது. தலைக்கு மேல் மின்விசிறி சுற்றும்போது எதிர்ப்பு, நின்றதும் ஆதரவு. ஒரே நாளில் நான்கு முறை அவர் கட்சி மாறியதை நான் பார்த்திருக்கிறேன். நாட்டின் எரிசக்திக் கொள்கையும் ஏறக்குறைய இப்படித்தான் உருவாகிறது என்று எனக்கு ஒரு சந்தேகம், ஆனால் நான் அரசியல் பேசுவதில்லை.

அவர் தங்கியிருந்தபோதே எங்கள் குடியிருப்புச் சங்கக் கூட்டமும் வந்தது. பொருள்: கார் நிறுத்துமிடத்தில் சார்ஜிங் பாயின்ட் வைக்க அனுமதிக்கலாமா? உறுப்பினர் இல்லாத சித்தப்பா முன்வரிசையில் உட்கார்ந்துகொண்டார். பேட்டரி தீப்பிடிக்கும் என்று செயலாளர் அரைமணி நேரம் பேசினார். அவர் நாற்காலிக்குப் பின்னால் ஜெனரேட்டர் அறை. அதற்குள் எப்போதும் ஒரு டிரம் டீசல். அதற்குக் கீழ்த்தளத்தில் வரிசையாக முப்பது, நாற்பது பெட்ரோல் டாங்குகள். தீ என்ற சொல் அங்கிருந்த ஒருவருக்கும் இவற்றை ஞாபகப்படுத்தவில்லை. பழகிய ஆபத்துக்கு ஆபத்து என்று பெயரில்லை. மூன்றாவது மாடிக்காரர், பேட்டரி மாற்றக் காரின் பாதி விலை ஆகுமாமே என்றார். பெரும்பாலான கம்பெனிகள் எட்டு வருடம், 1,60,000 கிலோமீட்டர் உத்தரவாதம் தருகின்றன என்றாள் மகள். எட்டு வருடம் கழித்து என்றார் அவர். எட்டு வருடம் கழித்து அவருடைய டீசல் கார் என்ன விலைக்குப் போகும் என்று யாரும் கேட்கவில்லை.

பிறகு சீனா வந்தது. மோட்டாருக்குக் காந்தம் அவனிடம் இருந்துதான் வருகிறது, 2025இல் அவன் கையை இறுக்கியதும் இங்கே கம்பெனிகள் தவித்தன என்று ஒருவர் சொன்னார். அது உண்மை. அந்தக் காந்தத்துக்கு வேண்டிய அருமண் தனிமங்கள் கன்னியாகுமரி மாவட்டம் மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில், மோனசைட்டில், இருக்கின்றன என்பதும் உண்மை. சித்தப்பா திரும்பி என்னைப் பார்த்தார். நம்ம பக்கத்து மணல்! அந்த முகத்தை நான் 1996இல் பார்த்திருக்கிறேன். எங்கே தரிசு நிலத்துக்கு வேலி போடக் கிளம்பிவிடுவாரோ என்று பயந்தே போனேன்.

இரண்டு மணி நேரத்துக்குப் பிறகு தீர்மானம் நிறைவேறியது: அவரவர் செலவில், அவரவர் பொறுப்பில் வைத்துக்கொள்ளலாம். மகள் மறுநாளே எலெக்ட்ரீஷியனை வரச்சொன்னாள், எங்கள் வீட்டு மீட்டரிலிருந்து கீழே ஒரு ஒயர் இழுத்துவிட. சித்தப்பா தடுத்தார்.

"வீட்டு மீட்டர்ல மட்டும் போட்டுறாதம்மா. ரெண்டு மாசத்துக்கு ஐந்நூறு யூனிட்டத் தாண்டிச்சுன்னா ஸ்லாப் மாறிரும். ஏசிக்குக் கட்டுறதும் சேந்து ஏறும்."

ஒரு யூனிட்டுக்கு எத்தனை கிலோமீட்டர் என்று தசமப் புள்ளி போட்டுச் சொல்லக்கூடியவள் வாயடைத்துப் போனாள். போனை எடுத்துக் கணக்குப் போட்டாள். இரண்டாம் முறையும் போட்டாள். எலெக்ட்ரீஷியனை அனுப்பிவிட்டு, தனி இணைப்புக்கு விண்ணப்பம் எழுத உட்கார்ந்தாள்.

சித்தப்பா பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். "புது மீட்டருக்கும் நூறு யூனிட் இலவசம் உண்டான்னு கேட்டு எழுதும்மா" என்றார்.